ஒத்து, டாம்பரின், ட்ரம்பெட்: நியூ ஆர்லியன்ஸில் ஐந்து நாட்கள்

முதல் நாள், வியாழன் இரவு

ஹூஸ்டனில் அண்ணன் வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகிறது. அண்ணன் மகளுக்குப் பதின்மூன்று வயது. நடுநிலைப் பள்ளியின் பேண்டுக் குழுவில் கிளாரினெட் வாசிக்கிறாள். மாவட்ட இசைப்பள்ளி ஒன்றில் முப்பது ஆண்டுகள் குரலிசை கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். கிளாரினெட் என்றால் திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைக் கர்நாடக இசைக்குப் பழக்கியெடுத்த அருமை மட்டுமே எனக்குத் தெரியும். "ஜாஸ் பிறந்த ஊரில் இதை எப்படி வாசிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்டதே இல்லையே, அத்தை" என்று அவள் சொன்னதிலிருந்துதான் இந்தப் பயணம் தொடங்கியது.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தொலைவு. வழியில் அச்சாஃபலயா சதுப்புநிலத்தின் மீது 29 கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்லும் பாலத்தைத் தவிர எழுதுவதற்கு அதிகமில்லை.

நாங்கள் வந்திருப்பது ஜாஸ் ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கின் பிறந்தநாளையொட்டி ஆகஸ்டுத் தொடக்கத்தில் நடக்கும் சாட்ச்மோ சம்மர்ஃபெஸ்ட் விழாவுக்காக. சாட்ச்மோ என்பது அவருடைய செல்லப்பெயர். தான் பிறந்தது 1900 ஜூலை 4 என்றே அவர் கடைசிவரை சொல்லிவந்தார்; 1971இல் அவர் மறைந்த பிறகு கண்டெடுக்கப்பட்ட திருமுழுக்குப் பதிவேடுதான் 1901 ஆகஸ்டு 4 என்ற சரியான நாளைக் காட்டியது. அந்தக் கணக்கின்படி நூற்றாண்டு வந்த 2001இல் இவ்விழாவைத் தொடங்கினார்கள். உலகப் புகழ்பெற்ற பெரிய ஜாஸ் விழா இந்நகரில் வசந்த காலத்தில் நடக்கிறது. ஆகஸ்டு வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அஞ்சி வெளியூர்க்காரர்கள் குறைந்துவிடுவதால், இந்த விழாவில் உள்ளூர்க் குடும்பங்களின் முகம் கூடுதலாகத் தெரியும் என்று அண்ணன் சொன்னார். சித்திரை மாதத்துத் திருச்சியில் வளர்ந்த எனக்கு இந்த வெயில் புதிதில்லை.

மாலையில் ஆம்ஸ்ட்ராங் பூங்காவுக்குள் இருக்கும் காங்கோ சதுக்கத்துக்குப் போனோம். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிச் சந்தை வைத்து, பறையடித்து ஆடிய இடம் இது. 1817இல் நகர நிர்வாகம் அத்தகைய கூட்டங்களை ஒரே இடத்துக்குள் அடக்கியபோது இந்த வெளிதான் அவர்களுக்கு எஞ்சியது. கல் பாவிய தரையில் வளையம் வளையமாகக் கோடுகள் பரவியிருக்கின்றன. ஓக் மரத்தடியில் இரண்டு சிறுவர்கள் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மகள் வெகுநேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள், வெள்ளி இரவு

காலையில் வடக்கு ராம்பார்ட் தெருவில் ஜாஸ் அண்ட் ஹெரிடேஜ் அறக்கட்டளையின் இசைப்பள்ளிக் கட்டடத்தைப் பார்க்கப் போனோம். வசந்தகாலப் பெருவிழாவுக்கு உரிமையுடைய அமைப்பு இது; விழா வருமானத்திலிருந்து 1990 முதல் இலவச இசைப்பள்ளி ஒன்றை நடத்துகிறது. எட்வர்ட் 'கிட்' ஜோர்டன் என்ற சாக்ஸபோன் கலைஞர் அதன் உருவாக்கத்தில் முன்னின்றவர்; 2023இல் மறைந்தார். இப்போதைய கட்டடம் 2014இல் திறக்கப்பட்டது. அதற்குமுன் அது ஈமச்சடங்கு நிறுவனமாக இருந்த மாளிகை. கல்லறைவரை மெதுவான பக்திப் பாடலும், அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் துள்ளலான பாட்டும் வாசித்தே தன் மனிதர்களை அனுப்பிவைக்கும் ஊரில், இதைவிடப் பொருத்தமான இடம் இசைப்பள்ளிக்குக் கிடைத்திருக்காது. நாங்கள் போனபோது வகுப்பு எதுவும் நடக்கவில்லை; கண்ணாடிக்கு அப்பால் அடுக்கிவைத்த நாற்காலிகளையும் தாங்கிகளையும் மட்டுமே பார்த்துத் திரும்பினோம்.

பிள்ளைகளுக்கு இசை கற்பிப்பதைப் பற்றி இங்கு யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் டேனி பார்க்கர் என்ற பெயர் வராமல் இருப்பதில்லை. 1909இல் இங்கே பிறந்து, நியூயார்க்கில் பெரிய இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்து, 1965இல் ஊர் திரும்பிய பாஞ்சோக் கலைஞர் அவர். திரும்பி வந்து பார்த்தபோது தெருவில் வாசிக்கும் பிராஸ் பேண்டு, அதாவது பித்தளை ஊதுவாத்தியக் குழு, முதியவர்களின் கலையாகச் சுருங்கியிருந்தது. 1970களின் தொடக்கத்தில், ஃபேர்வியூ பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர் கேட்டுக்கொண்டதன் பேரில், அக்கம்பக்கத்துப் பையன்களைத் திரட்டி ஒரு குழுவை அமைத்தார். லீராய் ஜோன்ஸ் என்ற பதின்வயது ட்ரம்பெட் பையனின் வீட்டுக் கார்க்கொட்டகைதான் அவர்களுடைய பயிற்சிக்கூடம். ஹெர்லின் ரைலி, லூசியன் பார்பரின், மைக்கேல் ஒயிட், மர்சாலிஸ் சகோதரர்களான பிரான்ஃபோர்டும் விண்டனும் எனப் பின்னாளில் பெயர்பெற்ற பலரும் அந்தக் குழுவோடு தெருவில் நடந்தவர்கள்தாம்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி பெரும்பாலும் சொல்லப்படாமல் போகிறது. சில ஆண்டுகளிலேயே, சிறுவர்களை வைத்துத் தொழில்முறைக் கலைஞர்களின் வாய்ப்பைக் கெடுக்கிறார் என்ற முணுமுணுப்பு எழுந்து, பார்க்கர் அக்குழுவிலிருந்து விலக வேண்டியதாயிற்று. பையன்கள் கலைந்துவிடவில்லை, வேறு பெயரில் தாங்களே குழுவை நடத்தினார்கள். அதிலிருந்து கிளைத்தவர்களில் சிலர்தான் 1977இல் டர்ட்டி டசன் பிராஸ் பேண்டு உருவாகும்போது அதில் இருந்தார்கள். நின்றுபோகும் நிலையில் இருந்த தெரு இசையை அக்குழு புதிய வேகத்துக்குக் கொண்டுபோனது. ஆசிரியர் விலகிய பின்னும் மாணவர்கள் கூடி வாசித்தார்கள் என்றால் அங்கே கற்பித்தல் நடந்திருக்கிறது என்று பொருள். முப்பது ஆண்டுகள் கற்பித்த எனக்கு, நான் ஓய்வுபெற்ற மறுநாள் என் மாணவர்களில் எத்தனை பேர் தம்பூராவை எடுத்தார்கள் என்ற கேள்வி இதை எழுதும்போதே வந்து உறுத்துகிறது.

இரவு செயின்ட் பீட்டர் தெருவில் பிரிசர்வேஷன் ஹாலுக்குப் போனோம். 1961 முதல் நடக்கும் இடம். ஏழெட்டு பெஞ்சுகள், தரையில் மெத்தைகள், மதுவோ உணவோ கிடையாது, எந்த வயதினரும் வரலாம். பிள்ளைகள் முன்னால் தரையில் அமர்ந்தார்கள். கிளாரினெட் கலைஞரின் காலணியிலிருந்து ஓரடி தள்ளி உட்கார்ந்த அண்ணன் மகள், வெளியே வந்ததும் சொன்னது இது: "அவர் மூச்சு எடுக்கும் சத்தம்கூடக் கேட்டது, அத்தை."

மூன்றாம் நாள், சனி இரவு

விழா நடக்கும் இடம் எஸ்பிளனேட் சாலையில் உள்ள பழைய நாணயச் சாலை. 1838 முதல் 1909 வரை, உள்நாட்டுப் போரையொட்டி நின்றிருந்த ஆண்டுகள் நீங்கலாக, இங்கே காசு அடித்தார்கள். இப்போது அது ஜாஸ் அருங்காட்சியகம். வெளியே புல்தரையில் மேடைகள். சிவப்பு பீன்ஸும் சோறும் விற்கும் கடைகள். கடிதங்களின் முடிவில் 'சிவப்பு பீன்ஸும் சோறுமாக, தங்கள்' என்று கையெழுத்திட்ட மனிதரின் விழாவில் வேறு எதை விற்பார்கள்? நானும் சாப்பிட்டேன். காரம் குறைவுதான், ஆனால் நம் வீட்டு ராஜ்மாவைவிட நன்றாக மசிந்திருந்தது.

பிள்ளைகளுக்கான கூடாரத்தில் முதலில் காகிதத்தில் ட்ரம்பெட் செய்து வண்ணம் பூசினார்கள். பிறகு ஓர் இளைஞர், ட்ரம்பெட்டைப் போன்ற சிறு வாத்தியமான கார்னெட்டின் ஊதுவாயை மட்டும் தனியே கழற்றி, ஒவ்வொரு முறையும் துடைத்து, வரிசையில் நின்ற பிள்ளைகளிடம் கொடுத்தார். உதட்டை இறுக்கி, குதிரை செருமுவதுபோல் அதிரவிட வேண்டும். வெறும் காற்றை ஊதினால் ஒன்றும் வராது. பத்துப் பிள்ளைகளில் இரண்டு பேருக்குச் சத்தம் வந்தது. வந்தவர்கள் தங்கள் சத்தத்துக்குத் தாங்களே பயந்து சிரித்தார்கள். இனிமையான அரைமணி நேரம். ஆனால் இதைக் கல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருவிழாவில் யானைமேல் ஒரு சுற்று ஏற்றி இறக்குவதுபோல்தான் இது. ஆசை பிறக்கும், சரி. மறுநாள் காலை அந்தப் பிள்ளையின் கையில் வாத்தியம் இருக்கிறதா என்பதுதானே கேள்வி?

அருங்காட்சியகத்தின் உள்ளே ஆம்ஸ்ட்ராங் சிறுவனாக இருந்தபோது பழகியதாகச் சொல்லப்படும் கார்னெட்டை வைத்திருக்கிறார்கள். அவர் அதைப் பழகிய இடம் பள்ளியில்லை. கறுப்பினச் சிறுவர்களுக்கான காப்பகம், அதாவது சிறுவர் சிறை. 1912ஆம் ஆண்டின் கடைசி இரவில், புத்தாண்டுக் கொண்டாட்டத்தில், தெருவில் துப்பாக்கியை வானத்தை நோக்கிச் சுட்டதற்காகப் பதினொரு வயதுப் பையனைப் பிடித்து 1913 ஜனவரி முதல் நாளே அங்கு அனுப்பினார்கள். 1914 நடுப்பகுதிவரை அங்கே இருந்தான். அங்கே பேண்டு கற்பித்தவர் பீட்டர் டேவிஸ். சேட்டைக்காரத் தெருவிலிருந்து வந்தவன் என்று தொடக்கத்தில் பையனை அவர் அருகே சேர்க்கவில்லை. பிறகு கொடுத்தது கஞ்சிராவைப் போன்ற டாம்பரின். அதன்பின் டிரம், ஆல்ட்டோ ஹார்ன், அழைப்பு ஊதும் பியூகிள்; கடைசியில்தான் கார்னெட். அதற்குப் பிறகு அவனே குழுவுக்குத் தலைவனாகி, சீருடையோடு தன் பழைய தெரு வழியே வாசித்துக்கொண்டு போனான்.

இந்தக் கதையை விழாவில் இன்று மூன்று இடங்களில் கேட்டேன். மூன்று இடத்திலும் தேவதைக் கதைபோலவே சொன்னார்கள். கைதானதால்தான் மேதை கிடைத்தார் என்ற தொனி அதில் ஒலிக்கிறது. ஒரு நகரம் பதினொரு வயதுப் பையனுக்கு இசை ஆசிரியரைக் காட்டுவதற்கு அவனைச் சிறையில் அடைக்க வேண்டியிருந்தது என்பதல்லவா அதன் மறுபக்கம்? பின்னாளிலும் நகரம் அவரைக் கொண்டாடிவிடவில்லை. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே குழுவில் வாசிப்பதை லூயிசியானா சட்டம் 1956இல் தடைசெய்தபோது, கலப்புக் குழுவை வைத்திருந்த ஆம்ஸ்ட்ராங் தன் பிறந்த ஊரில் வாசிப்பதை நிறுத்திக்கொண்டார்; மீண்டும் வந்து வாசித்தது 1965இல்தான்.

என்னை நிறுத்திவைத்தது அந்த டாம்பரின். நாதசுரக் குழுவோடு வளர்ந்த எவருக்கும் அது புரியும். வீட்டுப் பிள்ளையை முதல் நாளே நாதசுரத்தைத் தொடவிடுவதில்லை. முதலில் தாளம், பிறகு ஒத்து. இரவெல்லாம் சுவாமி புறப்பாட்டின் பின்னால் ஒரே சுரத்தை விடாமல் ஊதிக்கொண்டு நடக்கும் அந்த ஒத்துக்காரப் பையனின் காதில், அவன் அறியாமலேயே, மல்லாரியும் ராக ஆலாபனையும் இறங்கியிருக்கும். வாசிக்க அனுமதி கிடைக்கும் நாளில் பாதிப் பாடம் முடிந்திருக்கும். கீழ்மட்ட வாத்தியம் என்று அதை நினைப்பது வெளியிலிருந்து பார்ப்பவரின் கண். குழுவுக்குள் அது ஓர் இடம்.

மூன்று மணிக்கு இடியோடு மழை கொட்டி, அரைமணி நேரத்தில் நின்றது. தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கியபோது, பள்ளி பேண்டு சட்டை அணிந்திருந்த சிறுவனின் பாட்டியோடு பேச்சு வளர்ந்தது. பேரன் தி ரூட்ஸ் ஆஃப் மியூசிக் என்ற அமைப்பில் படிக்கிறானாம். ரீபர்த் பிராஸ் பேண்டின் டிரம் கலைஞர் டெரிக் டாப் உள்ளிட்டோர் 2007இல் தொடங்கியது அது. 2005 ஆகஸ்டு 29இல் கத்ரீனா புயலோடு கரைகள் உடைந்து நகரத்தின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியபோது, பள்ளிகளோடு அவற்றின் வாத்தியங்களும் போயின. பள்ளிகள் மீண்டு வந்தாலும் நடுநிலைப் பள்ளிகளில் பேண்டு வகுப்பு திரும்பி வரவில்லை. நடுநிலையில் கற்காத பிள்ளை உயர்நிலைப் பள்ளி பேண்டில் எப்படிச் சேரும்? இந்த ஊரில் உயர்நிலைப் பள்ளி பேண்டு சாதாரணமானதன்று. செயின்ட் அகஸ்டின் பள்ளியின் 'மார்ச்சிங் 100' 1967இல் மார்டி கிரா திருவிழாவின் ரெக்ஸ் ஊர்வலத்தில் நடந்தபோது, அந்த ஊர்வலத்தில் நடந்த முதல் கறுப்பினப் பள்ளிக் குழுவாக வரலாற்றில் இடம்பெற்றது.

ஒன்பது முதல் பதினான்கு வயதுவரையிலான பிள்ளைகளை, முன்பயிற்சி எதுவும் கேட்காமல், பள்ளி விட்டதும் இவ்வமைப்பு அழைத்துக்கொள்கிறது. நான் கேட்டதெல்லாம் என்ன பாடம், எந்த வாத்தியம் என்பதுதான். பாட்டி சொன்னதோ வேறு: "பேருந்து வந்து கூட்டிப் போகும். பாடத்தில் உதவுவார்கள். சூடாகச் சாப்பாடு போடுவார்கள். திரும்பவும் பேருந்தில் கொண்டுவந்து விடுவார்கள்." இசையைப் பற்றி அவர் கடைசியாகத்தான் பேசினார். மூன்று மணியிலிருந்து இருட்டும்வரை பையன் தெருவில் நிற்கவில்லை என்பதுதான் அவருக்கு முதல் இசை. நம் மாவட்ட இசைப்பள்ளிகளிலும் மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. அந்தச் சிறு தொகை நின்றுவிடக்கூடாது என்பதற்காகவே பிள்ளையை வகுப்புக்கு விரட்டிய தாய்மார்களை நான் அறிவேன். அப்போது அதைக் குறையாக நினைத்திருக்கிறேன். இன்று அந்த நினைப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நான்காம் நாள், ஞாயிறு இரவு

கால் வலிக்கிறது, சுருக்கமாக எழுத முயல்கிறேன்.

விழாவின் ஞாயிறு காலை, ட்ரெமே பகுதியின் செயின்ட் அகஸ்டின் தேவாலயத்தில் ஜாஸ் திருப்பலியோடு தொடங்குகிறது. அடிமைகளாக இல்லாத சுதந்திரக் கறுப்பின மக்கள் தங்களுக்கும், அடிமைப்பட்டிருந்தவர்களுக்கும் இருக்கைகளை விலை கொடுத்து வாங்கிய 1840களின் ஆலயம் இது. வெளிச்சுவரோரம் பெயரறியா அடிமைக்கான கல்லறைச் சின்னம், சங்கிலிகள் தொங்கும் பெரிய இரும்புச் சிலுவையாகச் சாய்ந்து நிற்கிறது. திருப்பலி முடிந்ததும் வாசலில் பேண்டு காத்திருந்தது. அங்கிருந்து நாணயச் சாலைவரை ஊர்வலம்.

முன்வரிசை என்றால் பேண்டும் ஊர்வலத்தை நடத்தும் சங்கத்தாரும். அவர்களுக்குப் பின்னால் கைக்குட்டையும் குடையுமாக ஆடிக்கொண்டு வரும் ஊர்ச்சனம்தான் 'செகண்ட் லைன்', இரண்டாம் வரிசை. குட்டைப் பாவாடையும் சரிகைத் தொப்பியுமாக 'பேபி டால்' பெண்கள் ஆடினார்கள். அவர்களில் என் வயதுக்காரர்களும் இருந்தார்கள். இங்கே டிரம் ஒருவர் கையில் இல்லை. பெரிய பாஸ் டிரம்மை ஒருவர் கழுத்தில் மாட்டி, அதன் தலையிலே பொருத்திய ஜால்ராவையும் அடித்துக்கொண்டு வருகிறார். சிறிய ஸ்னேர் டிரம் மற்றொருவருடையது. உடம்பைச் சுற்றி வளைந்த சூசஃபோன் எல்லாவற்றுக்கும் அடியில் உறுமுகிறது.

நான் முக்கால்வாசித் தூரமும் பாஸ் டிரம்காரரின் பக்கத்திலேயே நடந்தேன். காரணம், அவர் இடுப்பளவு உயரத்தில் டாம்பரினோடு வந்த ஒரு சிறுவன். ஏழு வயது இருக்கலாம். இந்த ஊர் நடையில் எட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை, அதாவது இரண்டாம் சுற்றின் நான்காவது அடியில், பாஸ் டிரம் ஓங்கி விழுகிறது. 'பிக் ஃபோர்' என்பார்கள், ஆரம்பகாலத்துக் கார்னெட் கலைஞர் படி போல்டனின் காலத்திலிருந்து வருவதாகச் சொல்வார்கள். ஆதி தாளத்தில் கையை விரித்துச் சத்தமில்லாமல் வீசிவிடும் எட்டாவது எண்ணிக்கை இருக்கிறதே, சரியாக அங்கேதான் இவர்கள் இடியைப் போடுகிறார்கள். என் கை பழக்கதோஷத்தில் விரிந்துகொண்டேயிருந்தது. சிறுவன் அந்த இடத்துக்கு ஒவ்வொரு முறையும் முந்தினான். டிரம்காரர் திட்டவில்லை, எண்ணிக் காட்டவில்லை. அந்த அடி வருவதற்கு முன் அவன் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தார், அவ்வளவுதான். கவர்னர் நிக்கல்ஸ் தெரு முடிவதற்குள் மூன்று முறை சரியாக விழுந்தது. மூன்றாவது முறை அவர் குச்சியின் மறுமுனையால் அவன் தொப்பியைத் தட்டினார்.

நேற்று கூடாரத்தில் நான் காணாதது இதுதான். பையனுக்கு எளிமையாக்கிய பாட்டு எதையும் அங்கே வாசிக்கவில்லை. பெரியவர்கள் தங்கள் வேகத்திலேயே வாசித்தார்கள், அவனுக்கு அதில் ஒரு சிறு இடம் விட்டிருந்தது.

மாலையில் பல தலைமுறை ட்ரம்பெட் கலைஞர்கள் ஒரே மேடையில் ஏறி வாசித்ததோடு விழா முடிந்தது. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு அந்தத் தொப்பியின் நினைவு விலகவில்லை.

ஐந்தாம் நாள், திங்கள் இரவு, ஹூஸ்டன்

கிளம்புமுன் அப்பர் நைன்த் வார்டு பகுதியில் எல்லிஸ் மர்சாலிஸ் இசை மையத்தை வெளியிலிருந்து பார்த்தோம். புயலில் வீடிழந்த கலைஞர்களுக்காக, பாடகர் ஹாரி கானிக் ஜூனியரும் பிரான்ஃபோர்ட் மர்சாலிஸும் முன்னின்று, வீடு கட்டித்தரும் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்போடு கட்டிய குடியிருப்பின் நடுவே 2011இல் திறக்கப்பட்ட மையம் இது. வரிசையாக நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு என வீடுகள். ஒவ்வொன்றிலும் சிறு திண்ணை. கலைஞர்கள் குடியிருக்கும் தெருவிலேயே பிள்ளைகளுக்கான வகுப்பறை. மர்சாலிஸ் சகோதரர்களின் தந்தையும் பியானோக் கலைஞருமான எல்லிஸ் மர்சாலிஸ் 2020 ஏப்ரல் முதல் நாள் கொரோனாவுக்குப் பலியானார். 1973இல் தொடங்கிய நோக்கா என்னும் அரசுக் கலைப்பள்ளியில் விண்டன் மர்சாலிஸ், டெரன்ஸ் பிளான்சர்ட், ஹாரி கானிக் ஜூனியர் எனப் பலருக்கும் பியானோ அருகில் அமர்ந்து கற்பித்தவர். நோக்காவில் தேர்வு வைத்துத்தான் சேர்ப்பார்கள். அதன் பட்டியலைப் பார்த்தால் அந்த முறை தவறென்று சொல்ல முடியாது. ஆனால் தேர்வறைவரை வந்து நிற்கும் பிள்ளையை யாரோ அதற்கு முன்பே பேருந்தில் ஏற்றி, சோறு போட்டு, கையில் ஒரு வாத்தியத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

திரும்பும் வழி முழுக்க அண்ணன் மகள் கிளாரினெட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை. லேக் சார்ல்ஸில் பெட்ரோல் போட நின்றபோது பார்த்தேன்: காரின் முன்பலகையில் இரண்டு கைகளாலும் அந்த ஊர் நடையை அடித்துக்கொண்டிருந்தாள். எட்டாவது எண்ணிக்கையில் இன்னும் முந்துகிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அடி வருவதற்கு முன் அவள் பக்கம் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். "என்ன அத்தை, கழுத்து வலியா?" என்றாள்.